சுருட்டை முடிக்குப் பெர்மிங் எதற்கு?

பெங்களூரில் இன்று தெருவுக்குத் தெரு அழகு நிலையங்கள். அல்சூரானாலும் சிவாஜி நகரானாலும் ஸ்ரீராமபுரமானாலும், காய்கறிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஒரு பியூட்டி பார்லர் கண்ணில் படாமல் போகாது. சுருட்டை முடியுள்ள பெண் ஒருத்தி அதற்குள் நுழைந்தால் இரண்டே யோசனைகள்தான் அவளுக்காகக் காத்திருக்கின்றன. "நேராக்கி விடலாமா?" என்பது ஒன்று. அது பிடிக்கவில்லை என்றால், "பெர்ம் செய்து ஒரே சீராகச் சுருட்டி விடலாமா?" என்பது மற்றொன்று. மூன்றாவதாகவும் ஒரு யோசனை உண்டு. இருக்கிற முடியை இருக்கிறபடியே பேணிக் கொள்வது. அதைச் சொல்வாரைத்தான் காணோம். சொன்னால் பில் போட முடியாதல்லவா?

பெண்களின் அலங்கார விஷயத்துக்கு ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். நடுத்தரக் குடும்பத்தின் ஒரு மாத மளிகைக் கணக்கு ஒரே மத்தியானத்தில் தலையில் கரைகிறது என்றால், அது வெறும் அலங்கார விஷயமன்று. அதிலும் வேலை கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் முடியில் வந்து நிற்கிறபோது, வீட்டுப் பெரியவர்களும் கொஞ்சம் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

என் அண்ணன் மகளுக்கு நல்ல சுருட்டை முடி. பட்டப் படிப்பை முடித்து விட்டு வேலை தேடிக் கொண்டிருக்கிறாள். ஒரு நிறுவனத்தில் வரவேற்பாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. தமிழ், கன்னடம், ஆங்கிலம், இந்தி என்று நான்கிலும் தடையின்றிப் பேசினாளாம். கடைசியில் அங்கிருந்த அம்மையார், "எல்லாம் சரி, தலையை மட்டும் கொஞ்சம் ஒழுங்கு செய்து கொண்டு வர வேண்டும்" என்றாராம். எண்ணெய் தடவி வாரிப் பின்னிய தலைதான். அதில் என்ன ஒழுங்கீனத்தைக் கண்டாரோ! வீட்டுக்கு வந்தவள் என்னைக் கேட்டாள்: "அத்தை, நேராக்கிக் கொள்ளட்டுமா? இல்லை, பெர்ம் செய்து கொள்ளட்டுமா?" அவளுக்கு நான் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பெர்ம் என்றால் என்ன என்று தெரிந்து கொள்ள வேண்டும். முடி என்பது கெராட்டின் என்ற புரதம். அந்தப் புரதத்தின் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் ஏணிப் படிகளைப் போல இணைத்து வைத்திருக்கின்றன. முடியின் வடிவத்தை நிலைநிறுத்துவதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. பெர்ம் செய்யும்போது அம்மோனியம் தயோகிளைக்கோலேட் என்ற மருந்து அந்தப் படிகளில் பலவற்றை உடைக்கிறது. பார்லரில் மூக்கைத் துளைக்கும் நெடி அதனுடையதுதான். உடைந்து நெகிழ்ந்த முடி, சிறு குழல்களில் சுற்றியிருக்கும் வளைவையே தன் வடிவமாக எடுத்துக் கொள்கிறது. பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த இரண்டாவது மருந்தை ஊற்றிப் படிகளை மறுபடி இணைக்கிறார்கள். உடைந்தவை அனைத்தும் மறுபடி சேர்ந்து விடுவதில்லை. அதனால்தான் பெர்ம் செய்த முடி முன்னிருந்த பலத்தோடு இருப்பதில்லை.

இதற்கு அடிகோலியவர் கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மானியர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் கடை வைத்து, சூடேற்றிய உலோகக் குழல்களைக் கொண்டு செய்து காட்டினார். ஆரம்பச் சோதனைகளைத் தம் மனைவியின் தலையிலேயே நடத்தி, முடியைக் கருக்கினார் என்பது வரலாறு. அந்த அம்மாளின் பொறுமையை என்னென்பது! சூடில்லாமல் மருந்தை மட்டும் கொண்டு செய்யும் முறை 1930களின் இறுதியில்தான் வந்தது.

இன்னொரு வேடிக்கையும் இதில் இருக்கிறது. நேரான முடியைச் சுருட்டும் அதே வகை மருந்துதான், ரீபாண்டிங் என்ற பெயரில் சுருட்டை முடியை நேராக்கவும் பயன்படுகிறது. குழலில் சுற்றினால் சுருள். சூடான இரும்புத் தகட்டில் இழுத்தால் நேர். வண்ணான் துறையில் சேலைக்குக் கஞ்சி போடுவதும் பிழிவதும் போல, ஒரே தண்ணீர்த் தொட்டியில் இரண்டு வேலை.

சரி, சுருட்டை முடிக்காரி ஏன் பெர்ம் செய்து கொள்ள வேண்டும்? காரணம் இல்லாமல் இல்லை. பலருக்கு உச்சியில் படிந்தும், காதோரத்தில் வளைந்தும், பிடரியில் இறுகியும் மூன்று விதமாக இருக்கும். அதை ஒரே சீராக்கத்தான் ஆசை. அண்மைக் காலத்தில் பெர்ம் மோகம் திரும்பி வந்திருக்கிறது. கொரியத் தொடர்களைப் பார்த்து விட்டு, நேர் முடியுள்ள கல்லூரிப் பையன்கள்கூடப் பணம் கொடுத்துச் சுருட்டிக் கொள்கிறார்கள். ஒருத்தி பணம் கொடுத்து அழிக்கப் பார்ப்பதை இன்னொருவன் பணம் கொடுத்து வாங்குகிறான். பார்லர்காரருக்கு இரு பக்கமும் வரும்படி.

நேர் முடிக்காரர்கள் ஆசைக்கு ஒரு முறை செய்து கொள்வதை நான் தடுக்க மாட்டேன். தானாகவே சுருளும் முடிக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. சுருட்டை முடி இயல்பிலேயே வறண்டது. மண்டைத் தோலில் ஊறும் எண்ணெய், நேர் முடியில் சரசரவென்று நுனி வரை இறங்கி விடும். வளைந்து வளைந்து செல்லும் முடியில் பாதி வழியிலேயே நின்று விடும். ஒவ்வொரு வளைவும் ஒரு பலவீனமான இடம். அந்த முடியின் பிணைப்புகளை உடைத்து மறுபடி ஒட்ட வைப்பது, வெயிலில் காய்ந்த ஓலையை மடித்துப் பார்ப்பது போலத்தான். அதோடு முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. ஆறு மாதத்தில் இரண்டு அங்குலத்துக்கு மேல் புது முடி, பழைய மூன்று விதச் சுருளோடு வெளியே வந்து நிற்கும். அப்போது மறுபடி பார்லர், மறுபடி பில்.

தலைக்குச் சாயம் போடும் வழக்கமுள்ளவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சில வகைச் சாயங்களிலும், கறுப்பு மருதாணி என்று விற்கும் சில பொடிகளிலும் உலோக உப்புகள் கலந்திருப்பதுண்டு. அவற்றின் மேல் பெர்ம் மருந்து பட்டால் முடி சூடேறி ஒடிந்து போகலாம். ப்ளீச் செய்த முடியும் அப்படியே. பிடிவாதமாகப் பெர்ம்தான் வேண்டும் என்பவர்கள், பிடரிக்கு மேலே உள்ளே மறைந்திருக்கும் ஒரு கற்றையில் மட்டும் மருந்தைப் போட்டுச் சோதித்துக் காட்டச் சொல்ல வேண்டும். அதற்கு இணங்காத பார்லரில் எழுந்து வந்து விடுவதே நல்லது.

நேராக்குவது பற்றியோ எனக்குக் கடுமையான அபிப்பிராயம்தான். கெராட்டின் சிகிச்சை என்று அழகான பெயரில் நடக்கும் பலவற்றில், இரும்புத் தகட்டின் சூட்டில் பார்மால்டிஹைடு வாயு வெளியேறுகிறது. பிணத்தைக் கெடாமல் வைக்கும் பார்மலின், அந்த வாயுவைத் தண்ணீரில் கரைத்ததுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. பார்மலின் இல்லாதது என்று விற்கும் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. அந்தக் களிம்பை மூன்று முறை பூசிக் கொண்ட 26 வயதுப் பெண்ணுக்கு மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2024இல் வெளியிட்டார்கள். 2022இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் கவனித்தது. ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் முடியை நேராக்கும் மருந்தைப் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. இது தொடர்பைக் காட்டுவதே தவிர, காரணத்தை நிரூபிப்பது அன்று. வயது 70 ஆகும்போது 1.64 சதவீதம் என்பது 4.05 சதவீதம் ஆகிறது. ஆகவே அலறத் தேவையில்லை, அலட்சியமும் கூடாது. நியாயமாகச் சொல்வதானால், அதே ஆய்வில் பெர்முக்கும் அந்த நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. பெர்மில் நான் காணும் குற்றம் முடிக்கும் பர்சுக்கும் ஆனதுதான்.

சுருட்டையை அழகின்மை என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? பழந்தமிழ்ப் பெண்கள் கூந்தலை ஐந்து வகையாக முடித்ததால் அதற்கு ஐம்பால் என்றே பெயர். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்ற அந்த ஐந்தில் சுருளும் ஒன்று. பாகவதர் கிராப்பின் அலையைப் பார்த்து ஒரு தலைமுறை ஆண்களே தலையை வளர்த்துக் கொண்டார்கள். "சுருட்டை முடி சோறு போடும்" என்று நம் பாட்டிமார்கள் சொல்வதுண்டு. இன்றோ அந்தச் சோற்றுக்கே சுருட்டை முடி இடைஞ்சல் என்கிறார்கள். இந்த ஊரில் பிறந்த நித்யா மேனன் சுருட்டை முடியோடுதான் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடப் படங்களில் நடித்துப் பெயர் வாங்கினார். 2015இல் வந்த 'பிரேமம்' படத்தில் அனுபமாவின் கூந்தலைக் கண்டு எத்தனை பேர் மயங்கினார்கள்! திரையில் கைதட்டுகிற நாம்தான், பள்ளிக்கூடத்தில் பெண் குழந்தையை 'நூடுல்ஸ்' என்று கேலி செய்கிறபோது சிரித்து விட்டுப் போகிறோம்.

இனி, எப்படிப் பேணுவது? பெங்களூரில் முதல் எதிரி தண்ணீர். காவிரித் தண்ணீர் வரும் வீட்டுக்கும், போர்வெல்லையோ டாங்கர் லாரியையோ நம்பியிருக்கும் வீட்டுக்கும் முடியில் வித்தியாசம் தெரியும். கீஸர் கம்பியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்புதான் முடியிலும் படிந்து அதைச் சொரசொரப்பாக்குகிறது. குடிக்கப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் ஒரு செம்பு, அதில் அரை மூடி எலுமிச்சைச் சாறு. அதைக் கடைசியாகத் தலையில் ஊற்றி, பிறகு வெறும் நல்ல தண்ணீரில் அலசினால் பெரும்பகுதி போய் விடும். அடிக்கடி வேண்டாம், மாதம் இரண்டு தடவை போதும்.

தேங்காய் எண்ணெய் குளிப்பதற்கு முன்தான் நல்லது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் செய்யாததைத் தேங்காய் எண்ணெய் செய்தது: முடியின் புரத இழப்பைக் குறைத்தது. ஆராய்ந்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லி விடுகிறேன். ஆனால் நம் அனுபவமும் அதற்கு மாறாக இல்லையே!

சுருட்டை முடியைக் காய்ந்த பிறகு வாருவதுதான் எல்லாக் கோளாறுக்கும் மூலம். சிக்கு விழுந்து சடை சடையாக நிற்பதற்கும், பஞ்சு போல் பறப்பதற்கும் அதுவே காரணம். ஈரத்தில், கண்டிஷனர் தடவிய வழுவழுப்பு இருக்கும்போதே, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல் நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். துண்டால் தேய்க்காமல், பழைய மல் வேட்டித் துணியால் கீழிருந்து அள்ளி அள்ளிப் பிழிய வேண்டும். பிறகு கைபடாமல் காய விட வேண்டும். இந்தக் கடைசிக் காரியம்தான் நம் பெண்களுக்கு முடியாதது!

சுருள் கலையாமல் நிற்க ஜெல் வேண்டும் என்பார்கள். கடையில் வாங்கலாம், தவறில்லை. ஆனால் வட கர்நாடகத்தில் சட்னிப் பொடி இடிக்கும் அகசே விதை, அதாவது நம் ஆளி விதை, எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கிறது. இரண்டு கரண்டி விதையை இரண்டு டம்ளர் தண்ணீரில் கொதிக்க விட்டு, முட்டை வெள்ளைக்கரு போலக் கெட்டியானதும் சூடாகவே துணியில் வடிகட்டி, ஆறிய பின் ஈர முடியில் தடவினால் அதே வேலையைச் செய்கிறது. செம்பருத்தி இலையை அரைத்து அம்மா தேய்த்து விட்ட வழவழப்பும் இதே தத்துவம்தான். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள், கெட்டுப் போகும்.

அண்ணன் மகள் இப்படி ஆறு வாரமாகச் செய்து வருகிறாள். உச்சியில் இன்னும் கொஞ்சம் படிந்துதான் இருக்கிறது. அதற்கும் வழி வெட்டில் இருக்கிறது, மருந்தில் இல்லை. அடியில் கனத்தைக் குறைத்துப் படிப் படியாக வெட்டினால் மேல் முடி லேசாகித் தானே எழும்பும். கத்தரி போடுகிறவரிடம் ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லி விடுங்கள்: ஈரத்தில் இழுத்துப் பிடித்து அளக்கக் கூடாது, காய்ந்த முடியைச் சுருளோடு பார்த்துத்தான் வெட்ட வேண்டும். ஈரத்தில் தோள் வரை தொங்கியது, காய்ந்ததும் காது வரை ஏறி விடும்.