வாடகை வீடு சாபமல்ல



எந்தப் பிரசங்கியாரும் போதிக்காமலேயே ஒரு தவறான உபதேசம் நம் சபைகளில் வேரூன்றியிருக்கிறது. சொந்த வீடு பெற்றவர் ஆசீர்வதிக்கப்பட்டவர். வாடகை வீட்டில் இருப்பவர் விசுவாசத்தில் குறைவுள்ளவர் என்பதே அது. ஆராதனை முடிந்து வாசலில் நின்று, "இன்னும் வாடகை வீடுதானா?" என்று கேட்கிறோம். சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையின் ஜெப வாழ்க்கையை விசாரிக்குமுன் வீட்டுப் பத்திரத்தை விசாரிக்கிறோம். இது சுவிசேஷமல்ல.

வேதத்தைத் திறந்து பாருங்கள். வாக்குத்தத்தம் பெற்ற ஆபிரகாம் அந்தத் தேசத்தில் கூடாரங்களில் குடியிருந்தார். அவர் எப்பெரோனிடம் 400 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கிய மக்பேலா நிலம் சாராளின் அடக்கத்துக்காகவே. அப்போஸ்தலனாகிய பவுல் ரோமாபுரியில் இரண்டு ஆண்டுகள் வாடகை வீட்டில் தங்கி, வந்தவர்கள் யாவரையும் ஏற்றுக்கொண்டு பிரசங்கித்தார். அந்த வீடு வாடகை வீடு என்பதால் அவருடைய ஊழியம் குறைவுபட்டதா?

வீடு வாங்குவது பாவமென்று நான் சொல்லவில்லை. எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த நாட்களில் எரேமியா ஆனதோத்திலுள்ள நிலத்தை 17 சேக்கலுக்கு வாங்கினார். அவரும் பத்திரம் எழுதி, முத்திரையிட்டு, சாட்சிகளை வைத்து, அதை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் செய்தார். "விசுவாசத்தினால் வாங்குகிறேன்" என்று சொல்லி, மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் பாராமல் முன்பணம் கொடுப்பவர்கள் அந்த அதிகாரத்தை மறுபடியும் வாசிப்பார்களாக.

கோபுரம் கட்டுகிறவனைக் குறித்து ஆண்டவர் சொன்ன உவமையை அறிவீர்கள். ஆகையால் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். 50 லட்சம் ரூபாய் கடன், 8.5 விழுக்காடு வட்டி, 20 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை ஏறக்குறைய 43,400 ரூபாய். முதல் தவணையில் 35,400 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போகும். அசலில் கழிவது 8,000 ரூபாய்க்கும் குறைவு. 20 ஆண்டுகளில் செலுத்தும் வட்டி மட்டும் 54 லட்சம். வாடகையைத் தண்டச் செலவு என்பவர்கள் இந்த வட்டிக்கு என்ன பெயர் வைப்பார்கள்?

அதே வீடு 16,000 ரூபாய் வாடகைக்குக் கிடைத்து, மீதமுள்ள 27,000 ரூபாயை மாதந்தோறும் சேமிக்கிற குடும்பம் புத்தியுள்ள குடும்பமே. சேமிக்காமல் செலவழித்தால் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும். வாடகை உயர்ந்துகொண்டே போகும் என்பதும், கடன் ஒருநாள் தீரும் என்பதும் உண்மையே. ஆகவே நீண்டகாலம் அதே ஊரில் இருப்போம் என்ற நிலையும், வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாத தவணையும், ஆறு மாதச் செலவுக்குக் கைப்பணமும் உங்களுக்கு இருந்தால், ஸ்தோத்திரத்தோடு வாங்குங்கள். அவை இல்லாதபோது, உறவினரின் பேச்சுக்கு அஞ்சிக் கடனுக்குள் இறங்காதிருங்கள். பெற்றோரின் மருந்தையும் பிள்ளைகளின் படிப்பையும் விழுங்குகிற தவணையைச் சாட்சி நேரத்தில் ஆசீர்வாதமென்று சொல்லுவது எப்படி?

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிற விசுவாசிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பலர் தாங்கமுடியாத கடனுக்குள் ஓடுவது ஆசையினால் மட்டுமல்ல, வாடகை வீட்டில் பட்ட அவமானத்தினாலும்தான். குடிவர விரும்புகிறவரிடம் சாதியைக் கேட்கிறவர்களும், விருந்தாளி வந்தால் முகம் சுளிக்கிறவர்களும், காலிசெய்யும்போது வெள்ளையடித்த கணக்குச் சொல்லி முன்பணத்தைப் பிடித்துக்கொள்ளுகிறவர்களும் நம் நடுவிலும் உண்டு. இப்படி நடந்துகொண்டு, "அவருக்கு இன்னும் சொந்த வீடு இல்லையே" என்று பரிதாபப்படுவது மாய்மாலம். லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தின்படி தேசம் கர்த்தருடையது. அதில் நிலம் பெற்றவர்களும் அவர் முன்பாகப் பரதேசிகளே. பத்திரத்தில் பெயருள்ள நீங்களும் அவருடைய வீட்டில் குடியிருப்பவர்கள்தான்.

இனி எவரையும் வீட்டைக்கொண்டு நிதானிக்காதிருங்கள். புது வீட்டுக்காக ஜெபிக்கிற நாம், வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்காகவும் போய் ஜெபிப்போம். வாங்குவதா, வாடகைக்கு இருப்பதா என்று தடுமாறுகிற குடும்பங்கள் தங்கள் வருமானத்தையும் கடனையும் ஒரு தாளில் எழுதி, கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து பேசி, ஜெபித்து முடிவெடுங்கள்.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. ஆமென்.