விஷம் தின்னும் செடி

பால்மரத் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "எங்க அப்பா காலத்துல லாலாங் புல்லுக்கு ஒரு மருந்து அடிச்சாங்க. மாடு நக்கினா செத்துப் போகும்" என்பார்கள். அந்த மருந்தின் பெயர் சோடியம் ஆர்சனைட். பச்சையாகச் சொன்னால் பாஷாணம்.

பிறகு வேறு மருந்துகள் வந்தன. ஆனால் பாஷாணம் இலை தழை போல மக்கிப் போகாது. ஈயம், செம்பு போல அதுவும் அழியாத பொருள். மழை அடித்துக்கொண்டு போனது போக, மீதி மண்ணிலேயே தங்கிவிடும். மருந்து கலந்த இடமும் பழைய ஸ்டோரின் ஓரமும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடங்கள். எல்லாத் தோட்டத்து மண்ணும் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. சோதிக்காமல் நல்லது என்றும் சொல்ல முடியாது.

இந்த விஷத்தைச் செடியே உறிஞ்சி எடுக்குமா? எடுக்கும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மரப்பலகைக்குப் பாஷாண மருந்து ஏற்றிய ஒரு பழைய பட்டறை நிலத்தில் பெரணிச் செடி ஒன்று செழித்து நின்றது. அதை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். பாஷாணம் கலந்த மண்ணில் வளர்த்தபோது, காய்ந்த இலை ஒரு கிலோவில் 22 கிராமுக்கு மேல் பாஷாணம் ஏறியிருந்தது! நம் நாட்டிலும் பழைய சுவர் இடுக்குகளில் முளைக்கிற பெரணிதான் அது.

"அப்ப நட்டுட்டா போதுமே" என்று நினைக்க வேண்டாம். புளோரிடாவில் இரண்டு வருஷம் நட்டு, வெட்டிப் பார்த்தார்கள். மேல்மண்ணில் கிலோவுக்கு 190 மில்லிகிராமாக இருந்தது 140 ஆனது. குறைந்தது கால் பங்குதான். விஷம் ஒழியவில்லை, மண்ணிலிருந்து இலைக்கு இடம் மாறியது. வெட்டிய இலையை ஆடு மாட்டுக்குப் போடக்கூடாது, உரக்குழியில் கொட்டக்கூடாது, எரித்தால் புகையோடும் கிளம்பும். இது நாம் வீட்டுக் கொல்லையில் செய்து பார்க்கிற காரியமல்ல.

நாம் செய்யக்கூடியது வேறு. பழைய மருந்து ஸ்டோர் இருந்த இடத்தில் கீரை, கங்கோங் போடாதீர்கள். தோட்டத்து நிலத்தில் வீடு கட்டித் தருகிறோம் என்று யாராவது வந்தால், "மண்ணைச் சோதிச்சீங்களா?" என்று சங்கத்தின் மூலம் முதலில் கேளுங்கள். சோதனைத் தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

மருந்தை வாங்கியது நிர்வாகம். முதுகில் சுமந்து அடித்தது நம் அப்பன்மார். மண்ணைச் சுத்தம் செய்கிற செலவையும் நம் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?