நிச்சயம் என்றொரு சொல்



தீபாவளிக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை மாலை பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குச் சென்றிருந்தேன். லெபோ பாசார் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு பாட்டு; நடைபாதையில் முறுக்கும் அதிரசமும்; புடவைக் கடைகளில் கால் வைக்க இடமில்லை. பூ வாங்குவதற்காக லெபோ குயின் மகாமாரியம்மன் கோயில் பக்கம் திரும்பினேன். அங்கே பூக்கடை வாசலில் ஓர் இளம் ஆசிரியையைக் கண்டேன். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பள்ளிக்குப் பயிற்றுப்பணிக்கு வந்தவர். இப்போது கெடாவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பணியாற்றுகிறார். வயது இருபத்தொன்பது.

நலம் விசாரித்து முடிப்பதற்குள் என் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்துவிட்டது.

"என்னம்மா, எப்பொழுது கல்யாணச் சாப்பாடு?"

அவர் சிரித்தார். "போன வாரமே நிச்சயம் ஆகிவிட்டது, டீச்சர். முகநூலில் போட்டிருந்தேனே, பார்க்கவில்லையா?"

கைப்பேசியில் படத்தைக் காட்டினார். இரண்டு கைகள், பெண்ணின் விரலில் மோதிரம், பின்னால் மங்கலாக ஒரு குத்துவிளக்கு. நான் மகிழ்ந்து வாழ்த்தினேன். அங்கேயே படத்துக்கு ஒரு விருப்பமும் இட்டேன். பூக்கார அம்மா ஒரு முழம் மல்லிகையைக் காசு வாங்காமல் அவர் கையில் வைத்தார்.

தீபாவளி முடிந்து நான்கு நாள் கழித்துப் புலனத்தில் அவரிடமிருந்து நீண்ட செய்தி வந்தது. நிச்சயம் எதுவும் நடக்கவில்லை. மோதிரம் இதே தெருவில் 18 வெள்ளிக்கு வாங்கியது. படத்தில் இருக்கும் ஆண் கை அவருடைய ஒன்றுவிட்ட தம்பியின் கை. யோசனை ஒரு காதல் புதினத்திலிருந்து கிடைத்தது.

அவருடைய ஒப்புதலைப் பெற்றே இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

அந்தப் புதினம்

அந்நூலை அவரிடமே இரவல் வாங்கி இரண்டு இரவுகளில் படித்து முடித்தேன். கதை இதுதான். உறவினரின் நச்சரிப்பிலிருந்து தப்பிக்க ஒரு பெண் தனக்கு நிச்சயமாகிவிட்டதாகச் சமூக ஊடகத்தில் அறிவிக்கிறாள். மாப்பிள்ளையாக நடிக்க ஓர் ஆண் ஒப்புக்கொள்கிறான். இருவரும் நிபந்தனைகள் எழுதிக்கொள்கிறார்கள். படங்கள் பதிவாகின்றன, விருப்பங்கள் குவிகின்றன, நடிப்பு காதலாகிறது. கடைசி அத்தியாயத்தில் பொய் மோதிரத்தின் இடத்தில் மெய் மோதிரம்.

இவ்வகைக் கதைகள் இன்று உலகெங்கும் விற்பனையாகின்றன. அமெரிக்க எழுத்தாளர் ஜென்னி ஹான் 2014இல் வெளியிட்ட புதினத்தில் இரண்டு பள்ளி மாணவர்கள் காதலர்களாக நடிக்க ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள். அது 2018இல் படமாகவும் வந்து பெரும் வெற்றி பெற்றது. நம் இளையோர் அதைப் பார்த்தார்கள். நம் பெண் எழுத்தாளர்களும் அதே அச்சில் இணையத்தில் தொடர்கள் எழுதுகிறார்கள். எனக்கு இதில் வெறுப்பில்லை. படித்தபோது நானும் இரண்டு மூன்று இடங்களில் சிரித்தேன்.

"மேல்நாட்டுச் சரக்கு நம் பெண்களைக் கெடுக்கிறது" என்று ஆசிரியர் அறையில் ஒரு தோழி சொன்னார். அவருக்கு நான் சொன்ன பதில் ஒரு படத்தின் பெயர்: மிஸ்ஸியம்மா.

1955இல் வந்த படம். எல். வி. பிரசாத் இயக்கம், ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நடித்தது. தம் பள்ளிக்குப் பட்டதாரித் தம்பதியர் ஆசிரியர்களாக வேண்டும் என்று ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் விளம்பரம் செய்கிறார். வேலையில்லாத பாலுவும் கடன் தொல்லையில் இருக்கும் மேரியும் கணவன் மனைவி என்று பொய் சொல்லி அந்த வேலையில் சேர்கிறார்கள். அவர் இந்து, இவர் கிறித்துவர். அதன் மூலக்கதையோ அதற்கும் முந்தைய வங்காள நாடகம். நம் தாத்தா பாட்டி கைதட்டி ரசித்த கதைதான் இன்று முகநூல் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

நான் ஆசிரியையாக இருப்பதாலோ என்னவோ, அப்படத்தில் என்னை உறுத்துவது அந்த விளம்பரம். பாடம் நடத்தப் பட்டம் போதாதா? மணமாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதற்கு? அந்த நிபந்தனை இல்லாவிட்டால் அந்தப் பொய்யே பிறந்திருக்காது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இங்கே வருவேன்.

ஊர் அறிய ஏன் சொல்கிறோம்?

மலேசியாவில் பரிசம் என்கிறோம், உறுதி என்கிறோம், நிச்சயம் என்கிறோம். மூன்றில் மிகுதியாகப் புழங்குவது நிச்சயம். ஐயமில்லை என்று பொருள்படும் ஒரு சொல்லையே சடங்குக்குப் பெயராக வைத்திருக்கிறோம். தட்டு மாற்றும் அந்த வேளையில் உறவினரும் ஊராரும் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள்? சாப்பிடுவதற்கு மட்டுமா? நாளை ஒருவர் இல்லை என்றால், "நாங்கள் பார்த்தோம்" என்று சொல்வதற்கு.

இது மிகப் பழைய அக்கறை. பொய்யும் பிழையும் தோன்றிய பிறகே மணச்சடங்கை மூத்தோர் வகுத்தனர் என்று தொல்காப்பியம் கற்பியலில் சொல்கிறது. அகநானூற்றின் 256ஆம் பாடலில் கள்ளூர் நிகழ்ச்சி வருகிறது. ஒரு பெண்ணோடு உறவாடிவிட்டு, "அவளை அறியேன்" என்று பொய்ச் சூளுரைத்தான் ஒருவன். ஊரவையார் சாட்சிகளை விசாரித்து உண்மையைக் கண்டறிந்தனர். அவனை மரக்கிளையில் கட்டி, தலையில் நீற்றைக் கொட்டினர். சிலப்பதிகாரத்தில் கண்ணகி கோவலன் திருமணச் செய்தியை, மங்கையரை யானைமேல் ஏற்றிப் புகார் நகருக்கு அறிவித்தனர். அந்த யானையின் வேலையைத்தான் இன்று முகநூல் செய்கிறது என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் இதையே கேட்கிறது. முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. மணம் புரிய விரும்புவோரின் அறிவிப்பைப் பதிவாளர் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும். 21 நாள் கழிந்த பின்னரே சான்றிதழ் தரலாம் என்கிறது அது. ஆட்சேபம் உள்ளவர் வந்து சொல்வதற்கான கால அவகாசம் அது. திருமண வாக்குறுதிக்கே இந்நாட்டில் மதிப்பு உண்டு. மலாயாவில் 1958இல் பதிவான ஒரு வழக்கில், இலங்கை மரபு இந்துக் குடும்பங்களுக்கிடையே முடிவான மண ஒப்பந்தத்தை மணமகன் தரப்பு மீறியது. பெண் சட்டப்படி வயது நிரம்பாதவராக இருந்தும், அவர் வழக்குத் தொடுக்கலாம் என்று நீதிமன்றம் ஏற்றது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அவ்வழக்கைப் பாடமாக வைத்திருக்கிறார்கள்.

முகநூல் படத்துக்கு வருவோம். அதற்கு 300 பேருக்கு மேல் விருப்பம் இட்டிருந்தார்கள். கள்ளூர் அவையில் அத்தனை பேர் இருந்திருக்கமாட்டார்கள். ஆனால் அங்கே சாட்சிகளைக் கேட்டார்கள். இங்கே, மாப்பிள்ளை யார், எந்த ஊர் என்று கேட்டவர் ஒருவருமில்லை. நானும் கேட்கவில்லை. சாட்சிகள் பெருகிவிட்டோம், சாட்சியின் கடமையை விட்டுவிட்டோம்.

புதினம் எழுதாமல் விட்ட அத்தியாயம்

அந்த ஆசிரியையின் அம்மா பட்டர்வொர்த்தில் இருக்கிறார். முகநூல் வைத்துக்கொள்ளாதவர். மகளின் நிச்சயச் செய்தி அவருக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? நாத்தனார் தொலைபேசியில் அழைத்து, "எங்களுக்கெல்லாம் சொல்லாமலேயே முடித்துவிட்டீர்களே!" என்று குறைப்பட்டுக்கொண்டாராம்.

அந்தத் தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். பெற்ற மகளுக்கு நிச்சயமாகிவிட்டது, தமக்குத் தெரியாது. அதை நாத்தனாரிடம் ஒப்புக்கொள்ள முடியுமா? "சின்ன அளவில்தான் செய்தோம், அண்ணி. கல்யாணத்துக்கு எல்லாரையும் கூப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டார். மகள் சொன்ன பொய்யை, பொய் என்று அறியாமலே தாய் காப்பாற்றினார். மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

தீபாவளிக்கு முதல்நாள் மகள் வீட்டுக்கு வந்தபோது, அலமாரியில் லெபோ பாசார் புடவைக் கடைப் பை ஒன்று இருந்தது. உள்ளே ஒரு பட்டு வேட்டியும் ஒரு பட்டுப் புடவையும். "மாப்பிள்ளை வீட்டார் வந்தால் வெறுங்கையோடு அனுப்பக்கூடாதே" என்றாராம் அம்மா. அந்த இடத்தில் மகள் உடைந்துபோனார். உண்மையைச் சொன்னார். அம்மா திட்டவில்லையாம். பையை மடித்து உள்ளே வைத்துவிட்டு, "உன் தங்கைக்கு ஆகும்" என்று மட்டும் சொன்னாராம். திட்டியிருந்தால் தேவலை என்று எனக்கு எழுதியிருந்தார் அந்தப் பெண்.

நான் படித்த புதினத்தில் இந்த அத்தியாயம் இல்லை. நிச்சயம் என்பது இருவர் சொத்து என்று அந்தக் கதை நினைக்கிறது. நம்மிடையே அதில் அம்மாவுக்குப் பங்கு உண்டு, அத்தைக்கு உண்டு, காசு வாங்காமல் மல்லிகை கொடுத்த பூக்கார அம்மாவுக்கும் ஒரு முழம் உண்டு. நடிப்பு கலையும்போது இவர்கள் அனைவரும் தலைகுனிகிறார்கள். இளையோருக்கு நான் சொல்வது இதுதான்: "இன்னும் இல்லை" என்று சொல்லுங்கள். "அது என் விருப்பம்" என்றும் சொல்லுங்கள். மோதிரத்தைப் படமெடுத்துப் பொய்ச்சாட்சி ஆக்காதீர்கள்.

கேட்டவர் யார்?

இத்துடன் முடித்தால் இக்கட்டுரை எனக்கு வசதியாக இருக்கும். நன்னெறிப் பாடம் நடத்திய நிறைவோடு தூங்கலாம். ஆனால் அந்தச் செய்தியில் இன்னொரு வரி இருந்தது.

"திறந்த இல்ல உபசரிப்பில் பதினோரு வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது, டீச்சர். ஒவ்வொரு வீட்டிலும் முதல் கேள்வி அதுதான். இந்த ஒரு தீபாவளிக்காவது முறுக்கை நிம்மதியாகத் தின்னலாம் என்று நினைத்தேன்."

கள்ளூரில் பொய் சொன்னவன் ஒரு பெண்ணைக் கைவிடுவதற்காகச் சொன்னான். இவர் தம்மைக் காத்துக்கொள்வதற்காகச் சொன்னார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இவர் பட்டம் பெற்றார், யாரும் அவ்வளவு ஆவலாக விசாரிக்கவில்லை. முதல் சம்பளத்தில் தம்பியின் படிப்புக் கடனைக் கட்டினார், யாருக்கும் தெரியாது. அவருடைய மாணவர்கள் கதை சொல்லும் போட்டியில் மாநில அளவுக்குச் சென்றார்கள். அந்தப் படத்துக்கு விழுந்த விருப்பங்கள் நாற்பதைத் தாண்டவில்லை. மோதிரப் படத்துக்கு 300. எதைப் போட்டால் நாம் திரும்பிப் பார்ப்போம் என்பதை நாம்தானே அவருக்குக் கற்றுக்கொடுத்தோம்?

மிஸ்ஸியம்மாவின் விளம்பரத்தை நினைவில் வைக்கச் சொன்னேன். "மணமானவரே தேவை" என்ற அந்த விளம்பரத்தை இன்று நாளேட்டில் யாரும் போடுவதில்லை. அதைக் கேள்வியாக்கி வாயில் வைத்துக்கொண்டு நாம் வீடு வீடாகச் செல்கிறோம். அன்று பூக்கடை வாசலில் அதை உரக்கப் படித்தவள் நான். அவர் எனக்குச் சொன்ன பொய்யில் பாதி என்னுடையது.

ஆகவே புதினங்களைத் தடை செய்யுங்கள், கைப்பேசியைப் பறியுங்கள் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. பறிக்க வேண்டியது நம் நாவிலிருக்கும் அந்தக் கேள்வியை. அதைக் கைவிட்டால் போலி மோதிரத்துக்குத் தேவை குறையும். உண்மையான நிச்சயத்துக்கு மதிப்பும் கூடும்.

சென்ற வாரம் இருவரும் மீண்டும் லிட்டில் இந்தியாவுக்குச் சென்றோம். அந்த மல்லிகை தமக்கு உறுத்துகிறது என்று அவர்தான் அழைத்தார். பூக்கார அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி, காசை நீட்டினார். அந்த அம்மா ஊசியை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"பூ வைக்க நிச்சயம் ஆகியிருக்கணுமா என்ன? வை, வை."

காசை வாங்கவில்லை.

திரும்பி நடக்கும்போது, வழக்கமான கேள்வி இல்லாமல் என்ன பேசுவது என்று எனக்குச் சற்றுத் தடுமாற்றமாகத்தான் இருந்தது. பிறகு, கதை சொல்லும் போட்டிக்கு மாணவர்களை எப்படித் தயார் செய்தீர்கள் என்று கேட்டேன். படகுத்துறை வரும்வரை அவர் பேசி முடிக்கவில்லை.

அடுத்த தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடம் கேட்க, இப்போதே வேறொரு கேள்வியைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை