தான் போன பிறகு அம்மாவுக்கு என்ன ஆகும்? - ஹேசலைத் துரத்தும் கேள்வி

காதலிக்கும் இருவருமே கேன்சர் நோயாளிகள் என்றால், கதை எங்கே போய் முடியும் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தும் ஒரு நாவலை உலகம் முழுக்கப் பதின்வயதுப் பிள்ளைகள் தூக்கம் தொலைத்துப் படித்தார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஜான் கிரீன் எழுதி, 2012 ஜனவரியில் வெளியான 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்'தான் அது. 2014-ல் ஹாலிவுட்டில் படமானது. 2020-ல் இந்தியில் 'தில் பேச்சாரா'வாக வந்தது. சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் கடைசிப் படம், இசை ஏ.ஆர்.ரஹ்மான் என்றால் பலருக்கும் சட்டென்று நினைவுக்கு வரும்.

படம் பார்த்தவர்கள் காதலைப் பற்றித்தான் பேசுவார்கள். புத்தகத்தைப் படித்தவர்களுக்கு மனதில் நிற்பது ஓர் அம்மா.

கதை நடப்பது இண்டியானாபோலிஸ் நகரில். ஹேசலுக்கு 16 வயது. தைராய்டில் தொடங்கிய புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. மூக்கில் டியூப், எங்கே போனாலும் கூடவே உருண்டுவரும் ஆக்சிஜன் சிலிண்டர். மகள் வீட்டிலேயே முடங்கிக் கிடக்கிறாளே என்று, சர்ச் ஒன்றின் அடித்தளத்தில் நடக்கும் கேன்சர் பிள்ளைகளுக்கான கூட்டத்துக்கு அம்மா பிடிவாதமாக அனுப்பிவைக்கிறார். அதை நடத்துபவர் பேட்ரிக். அவரும் கேன்சரிலிருந்து மீண்டவர். வாராவாரம் தன் சோகக் கதையைச் சொல்லியே போரடிப்பவர்.

அங்கேதான் அகஸ்டஸ் அறிமுகமாகிறான். 17 வயது. பாஸ்கெட்பால் ஆடியவன். எலும்புப் புற்றுநோயில் ஒரு காலை இழந்தவன். அவனுடைய நண்பன் ஐசக்குக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது, இன்னொன்றும் போகப்போகிறது. மூவரும் தங்கள் நோயை வைத்தே அடிக்கும் ஜோக்குகள் பெரியவர்களை நெளிய வைக்கும். ஜான் கிரீன் இதைச் சும்மா கற்பனையில் பிடிக்கவில்லை. எழுத்தாளராவதற்கு முன்பு குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில், நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் ஆறுதல் சொல்லும் வேலையில் சில மாதங்கள் இருந்தவர் அவர். தைராய்டு புற்றுநோயால் 2010-ல் 16 வயதில் இறந்துபோன எஸ்தர் ஏர்ல் என்ற ரசிகைக்குத்தான் நாவலைச் சமர்ப்பித்திருக்கிறார். (ஆனாலும் சில இடங்களில் இந்தப் பிள்ளைகள் கல்லூரிப் பேராசிரியர்கள் மாதிரி பேசுவது கொஞ்சம் ஓவர்தான். பற்றவைக்காத சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு அகஸ்டஸ் கொடுக்கும் தத்துவ விளக்கத்தை வயசுக்கோளாறு என்று மன்னித்துவிடலாம்.)

ஹேசலுக்கு ஒரு நாவல் மீது பைத்தியம். அதில் வரும் சிறுமிக்கும் கேன்சர். அவளே சொல்லும் அந்தக் கதை ஒரு வாக்கியத்தின் பாதியிலேயே நின்றுபோகிறது. சிறுமியின் கதி புரிகிறது. அவளுடைய அம்மா என்ன ஆனார்? அதை எழுதியவரிடமே கேட்டுவிட வேண்டும் என்பதுதான் ஹேசலின் ஆசை. தீராத நோயுள்ள பிள்ளைகளுக்கு ஓர் ஆசையை நிறைவேற்றித் தரும் அமைப்பின் வாய்ப்பை ஹேசல் எப்போதோ டிஸ்னி வேர்ல்டு போய்ச் செலவழித்துவிட்டாள். அகஸ்டஸ் தன் வாய்ப்பை அவளுக்காகப் பயன்படுத்துகிறான். ஹேசலின் அம்மாவோடு மூவரும் ஆம்ஸ்டர்டாம் பறக்கிறார்கள். கதவைத் திறக்கும் எழுத்தாளரோ முழு போதையில் இருக்கிறார். கேள்விக்குப் பதில் சொல்லாமல் பிள்ளைகளை அவமானப்படுத்தி அனுப்புகிறார். அவரும் மகளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் என்பது பிறகுதான் தெரிகிறது.

ஒரு கற்பனை அம்மாவுக்காக ஏன் இத்தனை பதற்றம்? சில ஆண்டுகளுக்கு முன் ஹேசல் ஐ.சி.யு-வில் சாகக் கிடந்தபோது, இனி தான் ஓர் அம்மாவாகவே இருக்க முடியாதே என்று தன் அம்மா விசும்பியது அவள் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து தன்னை எப்போது வேண்டுமானாலும் வெடிக்கப்போகும் ஒரு வெடிகுண்டாகவே நினைக்கிறாள். அகஸ்டஸைக்கூட முதலில் தள்ளி நிறுத்துவது இதனால்தான். அம்மாவின் பொழுது முழுக்கத் தன்னைச் சுற்றியே ஓடுகிறது, தான் போய்விட்டால் அவர் சுவரை வெறித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார் என்று பயப்படுகிறாள்.

கதையின் பிற்பகுதியில் ஒருநாள் வீட்டில் பெரிய சண்டை. ஹேசல் இத்தனை நாள் அடக்கிவைத்ததைக் கொட்டிவிடுகிறாள். அப்போதுதான் அம்மா மறைத்துவைத்திருந்ததும் வெளியே வருகிறது. சமூகப்பணி முதுகலைப் பட்டத்துக்காக ரகசியமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். நோயோடு போராடும் குடும்பங்களுக்கு உதவ நினைக்கிறார். மகள் இல்லாத நாளுக்காக இப்போதே தயாராகிறாரோ என்று அவள் நினைத்துவிடக் கூடாதே என்றுதான் சொல்லவில்லை.

ஹேசலுக்கோ சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிடுகிறது. நாவல் முழுக்க பேட்ரிக்கைக் கிண்டலடித்தவள், அம்மாவும் ஒரு பேட்ரிக் ஆகப்போகிறார் என்று துள்ளுகிறாள். வழக்கம்போல அப்பா அழுகிறார்.