பூட்டை இழுத்துப் பார்த்தீர்களா?

பைதான் மொழியில் புரோகிராம் எழுதுகிறவர்கள், அடுத்தவர் எழுதிவைத்த பொட்டலங்களை 'பைபிஐ' என்ற பொதுக் கிடங்கிலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்வார்கள். பொட்டலத்தின் மேல் 'பிஜிபி' என்ற மின்கையெழுத்துப் போட ரொம்ப வருஷமாக வசதி இருந்தது. 'சரக்கு அசல்தான், நடுவில் யாரும் பிரிக்கவில்லை' என்று அத்தாட்சி. அபார ஐடியா. போட்டவர்கள்தான் சொற்பம்.

2023 மே மாதம் கணக்கெடுத்தார்கள். மூன்று வருஷத்தில் கையெழுத்துக்குப் பயன்பட்ட மின்சாவிகள் 1,069. சுமார் 30 சதவீதம், பொதுப் பதிவேடுகளில் தேடினால் அகப்படவேயில்லை. உருப்படியாகச் சரிபார்க்க முடிந்தது 36 சதவீதம்!

நான் பி.காம். வவுச்சரில் கையெழுத்து இருந்தால் போதாது, யாருடையது என்று பார்க்கணும் என்பது ஆடிட்டிங்கில் பாலபாடம்.

'மூலையில் கிடந்துவிட்டுப் போகட்டுமே, என்ன கெட்டுப்போச்சு?' என்பீர்கள். கெட்டுப்போகும் சார். பூட்டு தொங்கினால் நிம்மதியாகத் தூங்கிவிடுவோம், இழுத்துப் பார்க்க மாட்டோம். பூட்டே இல்லையென்றால் திண்ணையில் முழித்தாவது உட்கார்ந்திருப்போம்.

அந்த மாதமே வசதியைத் தூக்கிவிட்டார்கள். ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டுவந்த சிலருக்கு நஷ்டம்தான். 2024 நவம்பரில் வேறு மாதிரி அத்தாட்சி வந்திருக்கிறது.

இதையாவது யாராவது இழுத்துப் பார்த்தால் சரி.