வாங்கும் கை மட்டும் போதுமா?

ஒலுவில் வட்டையில் அறுவடை முடிந்து நெல் களத்திற் குவிந்திருக்கிறது. வரம்பில் நின்றபடியே விவசாயி தம் கைத்தொலைபேசியை எடுத்துக் கல்முனையில் என்ன விலை, சம்மாந்துறையில் என்ன விலை என்று விசாரிக்கிறார். முன்னாளிற் களத்துக்கு வந்த ஒரே வியாபாரி சொன்னதுதான் விலை. இன்று நாலிடத்து விலையையும் அறிந்து பேரம் பேச அவரால் முடிகிறது. போட்டியினால் விளையும் நன்மையை அவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால், அந்நன்மையைத் தரும் அக்கருவியினுள்ளே உலகின் மிகக் கடுமையான போட்டியொன்று நடைபெற்றுக்கொண்டிருக்கிறது. அப்போட்டியில் நாம் வெறும் வாங்குவோராகவே நின்றுகொண்டிருப்பதை நம்மில் எத்தனை பேர் சிந்தித்தோம்?

கைத்தொலைபேசியின் உயிர் அதன் சிப்பில் இருக்கிறது. தமிழகத்தார் அதனைச் சில்லு என்பர். சில்லென்றால் நமக்கு வண்டிச் சில்லே நினைவுக்கு வருமாதலின், சிப் என்றே இங்கு எழுதுகிறேன். நகமளவான சிலிக்கன் துண்டொன்றில் ஆயிரங்கோடிக்கு மேற்பட்ட நுண்ணிய மின் ஆளிகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒரு பகுதி கணக்கிடும் மூளை. மற்றொரு பகுதி மோடம். வானலையில் வருவதைச் சொல்லாகவும் படமாகவும் மாற்றித் தருவது அதுவே. மூளையைச் செய்ய வல்லார் பலர் உளர். மோடத்தைச் செய்ய வல்லாரோ மிகச் சிலர். பழைய அலைமுறைகளோடும் புதியவற்றோடும், ஒவ்வொரு நாட்டின் ஒவ்வொரு கோபுரத்தோடும் அது பேசவேண்டும். அத்துடன், அந்த அறிவிற் பெரும்பகுதி காப்புரிமை என்னும் வேலிக்குள் இருக்கிறது.

இத்துறையில் இறங்கிக் கைவிட்டோரின் பட்டியலைப் பாருங்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2012 இற் கைத்தொலைபேசிச் சிப் தொழிலை விட்டு விலகியது. புரோட்கொம் 2014 இல் மோடத்தைக் கைவிட்டது. அவ்வாண்டிலேயே எரிக்சனும் விலகியது. 2015 இல் என்விடியா விலகியது. 2019 ஏப்ரலில் இன்டெலும் தோல்வியை ஒப்புக்கொண்டது. அப்பிளுக்கும் குவால்காமுக்கும் ஈராண்டு நடந்த வழக்கு சமரசத்தில் முடிந்த அன்றே, ஐந்தாந் தலைமுறைக் கைத்தொலைபேசி மோடத்திலிருந்து தான் விலகுவதாக இன்டெல் அறிவித்தது. அதன் மோடப் பிரிவை 100 கோடி டொலருக்கு வாங்குவதாக அப்பிள் அதே ஆண்டு யூலையில் அறிவித்தது. உலகின் பெருஞ்செல்வக் கம்பனிகளுள் ஒன்றான அப்பிளுக்கே, தன் சொந்த மோடத்தைத் தொலைபேசியில் வைத்து விற்க 2025 பெப்ரவரி வரை சென்றது!

எஞ்சி நிற்போர் யாவர்? அமெரிக்காவின் குவால்காம், தாய்வானின் மீடியாடெக், கொரியாவின் சாம்சங், சீனத்தின் ஹுவாவே, யுனிசொக், இப்போது அப்பிள். ஒரு கை விரல்களுக்குச் சற்று மேல், அவ்வளவே. மிக நுண்ணிய சிப்பை அச்சிடும் ஆலைகளென்றால், தாய்வானின் டி.எஸ்.எம்.சி.யே தலைமை. அவ்வாலைக்கு வேண்டிய அதிநுண் ஒளிப்பொறியைச் செய்வதற்கு நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். என்ற ஒரே கம்பனி மாத்திரமே உண்டு.

ஆட்கள் குறைந்தால் என்ன நிகழும் என்பதைக் களத்தில் நின்ற விவசாயி அறிவார். குவால்காம் தன் காப்புரிமைக் கட்டணத்தைச் சிப்பின் விலைமீதன்றி முழுத் தொலைபேசியின் விலைமீதே கணக்கிட்டு வாங்கியது. வாங்குவோருக்கு வேறு வழி சிறிதே இருந்தது. தென்கொரியா 2016 இல் அதற்கு ஒரு இலட்சங்கோடி வொன்னுக்கு மேற்பட்ட தண்டம் விதித்தது; 2023 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அமெரிக்காவிலோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 இல் குவால்காமின் பக்கமே தீர்ப்பளித்தது. ஒரே செயல் ஓர் அரசுக்குக் குற்றமாகவும் மற்றோர் அரசுக்கு வணிகத் திறமையாகவும் தோன்றுகிறது. இதிலிருந்தே இது வெறும் வணிகப் போட்டியன்று, அரசுகளின் போட்டியுமாகும் என்பது விளங்கவில்லையா?

மறுபுறத்தையும் சொல்லவேண்டும். 1997 இல் தொடங்கிய மீடியாடெக், சிறு உற்பத்தியாளர்க்கும் முழுமையான சிப்பை மலிவாகக் கொடுத்தது. 2020 இன் பிற்பகுதியில் எண்ணிக்கையிற் குவால்காமையே முந்தியது. நம் கடற்கரையில் மீனவரும் வயலில் விவசாயியும் இன்று திறன்பேசி வைத்திருப்பதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம். ஆதலால் போட்டி வாழ்க என்பதே நம் கட்சி. ஆனால், வாங்குவோராக மட்டும் இருப்பவனுக்கு அப்போட்டி நீடிக்குமா, அற்றுப்போகுமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை இல்லை. 2020 செப்ரெம்பரில் அமெரிக்க அரசின் தடை நடைமுறைக்கு வந்ததும் ஹுவாவேக்குத் தாய்வானின் சிப்கள் நின்றுபோயின. சீனம் உள்நாட்டு ஆலையிற் செய்த சிப்புடன் 2023 ஒகஸ்ரில் மீண்டும் எழுந்தது. அறிவும் ஆளும் தன்னிடம் இருந்ததனாலேயே அது எழுந்தது. அவை இல்லாத நாடு என்ன செய்திருக்கும்?

இலங்கைக்கு இத்தொழிலில் ஒருகாலத்தில் வாயில் திறந்திருந்தது என்பது இன்றைய இளைஞர் பலருக்குத் தெரியாது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மோட்டரோலா, ஹாரிஸ் ஆகிய இரு கம்பனிகளும் கட்டுநாயக்க வர்த்தக வலயத்திற் பொருத்தும் ஆலைகளை அமைக்க உடன்பட்டிருந்தன. ஆனால் நாட்டின் நிலை சீர்கெட்டது; 1983 யூலையில் தமிழ் மக்கள் மீது வன்முறை கட்டவிழ்க்கப்பட்டது. அக்கம்பனிகள் இங்கு வேரூன்றவில்லை. அவற்றின் அடியொற்றி வந்திருக்கக்கூடிய ஏனையவும் வரவில்லை. 1972 இல் இன்டெலை வரவேற்ற பினாங்குத் தீவைப் பாருங்கள். இன்று உலகச் சிப்களைப் பொருத்திச் சோதிக்கும் வேலையில் ஏறக்குறைய நூற்றுக்கு 13 பங்கு மலேசியாவின் கையில் இருக்கிறது. இனவெறி எரித்தது கடைகளையும் வீடுகளையும் மட்டுமன்று. இந்நாட்டின் மூவினத்துப் பிள்ளைகளின் எதிர்காலத்தையுமாகும்.

இனி ஒலுவிலுக்கு வருவோம். பெருந்திட்டம் என்றால் என்ன என்பதை இவ்வூர் பட்டறிந்திருக்கிறது. டென்மார்க் நாட்டுக் கடனிற் கட்டி, 2013 இல் விழா எடுத்துத் திறந்த துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது. வடபுறக் கரையைக் கடல் அரித்தது. தென்னைகளும் நிலங்களும் போயின. வர்த்தகக் கப்பல் வந்து தங்கும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. கல்லும் காரையும் இருந்தால் போதும், வாழ்வு தானே வரும் என்று எண்ணியதன் விளைவு இது. ஆகவே, இங்கு ஒரு சிப் ஆலை கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. முன்னணி ஆலையொன்றுக்கு ஆயிரங்கோடி டொலருக்கு மேல் வேண்டும். அதனை ஒலுவிலிற் கேட்பது நகைப்புக்கிடம்.

ஆனால் சிப்பை அச்சிடுவது வேறு, வரைவது வேறு. குவால்காமும் மீடியாடெக்கும் தம் செயலி, மோடச் சிப்களைச் சொந்த ஆலையில் அச்சிடுவதில்லை. அவை வரைகின்றன, பிறர் அச்சிடுகின்றனர். வரைவதற்கு வேண்டியவை கணிதம், மின்னியல், கணினி, பொறுமை. 2024 மார்ச்சில் குவால்காம் சென்னையில் ஒரு வடிவமைப்பு நிலையத்தைத் திறந்ததே, எதை நாடி? அங்குள்ள பொறியியலாளரை நாடியன்றோ! சென்னை ஐ.ஐ.டி.யினர், எவர்க்கும் கட்டணம் கொடுக்கவேண்டாத ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த முறையைக் கொண்டு ‘சக்தி’ என்ற செயலியை வரைந்து 2018 இற் சிப்பாகவே அச்சிட்டுக் காட்டினர்.

யுத்த நெருக்கடியில், வேறிடஞ் சென்று கற்க முடியாத மாணவர்க்காக 1995 இற் கல்லூரியாகத் தோன்றி, மறு ஆண்டே பல்கலைக்கழகமானது ஒலுவிலின் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அதன் பொறியியற் பீடத்தில் மின், தொலைத்தொடர்புத் துறை இருக்கிறது. மூவினத்து மாணவரும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். ஆறாந் தலைமுறைத் தொலைபேசி 2030 அளவில் வருமென உலகம் எதிர்பார்க்கிறது. அதற்கான விதிகள் இப்போதுதான் வகுக்கப்படுகின்றன. இன்று பொறியியற் பீடத்திற் புகும் மாணவன் பட்டம் பெறுவதும் ஏறக்குறைய அக்காலத்தில்தான். இத்தகைய தருணம் பலமுறை வராது.

அரசிடம் கேட்கவேண்டியவை மூன்று. முதலாவது, சிப் வரையும் மென்பொருள்களுக்கான உரிமத்தைப் பொதுவில் வாங்கி, கொழும்பு, மொறட்டுவை போன்றே ஒலுவில், வந்தாறுமூலை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களுக்கும் சமமாக வழங்குதல். இரண்டாவது, பலருடைய வரைவுகளை ஒரே தகட்டில் அச்சிட்டுத் தரும் வெளிநாட்டு ஆலைகளில் ஆண்டுதோறும் மாணவர்க்கென இடம் பெற்றுத் தருதல். தான் வரைந்ததைக் கையிற் பிடித்துச் சோதித்தாலன்றி எவரும் வல்லுநராகார். மூன்றாவது, தமிழ்மொழி மூலப் பாடசாலைகளிற் கணித, விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடங்களைத் தாமதமின்றி நிரப்புதல். அடித்தளம் இல்லாமல் மேல்மாடி எழாது.

“வயலுக்கு நீரும் உரமும் வேண்டி நிற்கையில் சிப்பைப் பற்றிய பேச்சு எதற்கு?” என விவசாயப் பெருமக்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நீருக்கும் உரத்துக்குமான நிதியிலிருந்து ஒரு சதமும் இதற்கு எடுக்கவேண்டாம். பயன்படாத கட்டுமானங்களில் மணலோடு மணலாய்ப் போனதிற் சிறு பங்கே போதும். அத்துடன், பத்து ஏக்கரைப் பிள்ளைகள் நால்வர்க்குப் பிரித்தால் ஆளுக்கு இரண்டரை. அடுத்த தலைமுறையில் அதுவும் தேயும். நிலம் பிரியும். கல்வி பிரியாது.

கட்சி பேதமின்றிக் கிழக்கின் பாராளுமன்ற உறுப்பினர் அனைவரும் இக்கோரிக்கையை வரும் வரவுசெலவுத்திட்ட விவாதத்தில் எழுப்பவேண்டும். கட்டடமும் திறப்பு விழாவும் கேட்டுப் பழகிய நாம், இம்முறை ஆய்வுகூடமும் ஆசிரியரும் கேட்போம். களத்தில் நெல்லுக்கு விலை கேட்கும் அந்த விவசாயியின் மகள், அந்தத் தொலைபேசியின் சிப்பையும் வரையட்டும். விலை கொடுப்பவராக மட்டுமன்றி, விலை சொல்பவராகவும் நாம் நிற்கும் நாள் அதுவே.