மூளையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள்

வழக்கறிஞர் நண்பர் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். திருட்டு வழக்கு ஒன்றில் அவருடைய கட்சிக்காரரிடம், ‘பிரெயின் மேப்பிங் டெஸ்டுக்கு ஒத்துக்கிறியா?’ என்று காவல் நிலையத்தில் கேட்டிருக்கிறார்கள். அவர் கட்டடத் தொழிலாளி. தான் திருடவில்லை என்பதில் உறுதியாக இருக்கிறார். ஆனாலும் பயம் விடவில்லை. ‘சார், அந்த நேரம் பார்த்து நெனப்பு வேற எங்கயாவது ஓடிட்டா, அதையும் மெஷின் புடிச்சிடுமா?’ என்று கேட்டாராம். நினைப்பதையெல்லாம் எழுத்தாக்கிக் காட்டும் கருவி வந்துவிட்டதாக டிவியில் பார்த்திருக்கிறார்.

அந்தக் கேள்விதான் இதை எழுத வைக்கிறது. பரபரப்புக்காக ஒரு செய்தியாளர் போடும் தலைப்பு, கடைசியில் காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சில் போய் இறங்குகிறது.

அவர் பார்த்தது அநேகமாக 2025 நவம்பரில் வந்த ஜப்பானியச் செய்தியாக இருக்கும். என்.டி.டி. ஆய்வகத்தின் டொமோயாசு ஹொரிகாவா ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆறு பேர் ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குறும் காணொளிகளைப் பார்த்தார்கள். எந்தக் காணொளிக்கு மூளையில் எப்படிப்பட்ட மாற்றம் என்று கணினிக்குப் பழக்கினார்கள். பிறகு புதிய காணொளியைக் காட்டியபோது, அதைப் பற்றிய ஒரு வாக்கியத்தைக் கணினி எழுதியது. நல்ல ஆய்வு, அதில் சந்தேகமில்லை. ஆனால் படுத்திருந்தவர்களின் தாய்மொழி ஜப்பானியம். வந்த வாக்கியங்களோ ஆங்கிலம். அந்தச் சொற்கள் அவர்கள் தலைக்குள் இருந்தவை அல்ல. ஏராளமான ஆங்கில வாக்கியங்களைப் படித்துப் பழகிய மொழி மாதிரி ஒன்று, கிடைத்த தடயத்துக்குப் பொருந்துகிற வாக்கியத்தைத் தானே கட்டித் தந்தது. நம் செய்திகளில் இது ‘மனதைப் படித்தது’ என்று ஆயிற்று.

2023 மே மாதம் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெர்ரி டாங், அலெக்சாண்டர் ஹூத் குழுவின் ஆய்வு வந்தபோதும் இதே கூத்துதான். அங்கே மூன்று பேர், ஒவ்வொருவரும் 16 மணி நேரம் ஸ்கேனுக்குள் படுத்துக் கதை கேட்டார்கள். முதுகுவலிக்காக நான் ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டேன், இருபது நிமிடம். காதில் பஞ்சை வைத்தும் இரும்புத் தகட்டை அடிப்பதுபோன்ற சத்தம் மண்டைக்குள் இறங்கியது. ‘அசையாதீங்க, எச்சில் முழுங்காதீங்க’ என்று டெக்னீஷியன் சொல்லிக்கொண்டே இருந்தார். லேசாக இருமியதற்கு ஒரு பகுதியை மறுபடி எடுத்தார்கள். 16 மணி நேரம் இப்படி மனமுவந்து கிடந்தவர்களிடம்தான் டெக்சாஸ் கருவி வேலை செய்தது. அந்த ஆய்வில், ஒருவரின் மூளையில் பழகிய கருவியை அப்படியே இன்னொருவரிடம் வைத்தபோது பயனில்லை. பழகியவரே கதையைக் கேட்காமல் மனதுக்குள் விலங்குகளின் பெயர்களை அடுக்கியபோது கருவி தடுமாறியது. இதையெல்லாம் அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பத்திகள் நம் செய்தி அறைகளைத் தாண்டி வெளியே வரவில்லை.

ஓர் எண்ணை மட்டும் வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்: 55 லட்சம்.

அந்த ஆய்வுகளில் பயன்பட்ட எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவி மூளையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. அந்தக் கட்டத்துக்கு வோக்செல் என்று பெயர். நிகாஸ் லோகோதெடிஸ் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர். 2008இல் ‘நேச்சர்’ இதழில் அவர் ஒரு கணக்குப் போட்டார். வழக்கமான ஆய்வில் ஒரு கட்டத்தின் அளவு சுமார் 55 கன மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு சொட்டுத் தண்ணீர். அந்தச் சொட்டுக்குள் இருக்கும் நரம்பணுக்கள் 55 லட்சம். அவற்றின் நீண்ட இழைகளை மட்டும் நீட்டிக் கட்டினால் 220 கிலோமீட்டர். சென்னையில் தொடங்கினால் விழுப்புரத்தையும் தாண்டிவிடும். இந்த 55 லட்சத்துக்கும் சேர்த்துக் கருவி தருவது ஒரே ஓர் எண். அந்த எண்கூட எண்ணத்தின் அளவு அல்ல. அந்த இடத்து ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்பதன் அளவு. அதுவும் நரம்பணுக்கள் வேலை செய்து ஐந்தாறு நொடி கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். கட்டங்களை இன்னும் சிறிதாக்கும் புதிய கருவிகள் வந்திருக்கின்றன. அவற்றிலும் ஒரு கட்டத்தில் ஆயிரக்கணக்கில் நரம்பணுக்கள்.

துணைமின் நிலையத்தில் நின்று மீட்டரைப் பாருங்கள். மே மாத இரவு பதினொரு மணிக்கு லோடு ஏறினால், ஊரில் ஏ.சி. ஓடுகிறது என்று தெரியும். அதிகாலை நான்கு மணிக்கு ஏறினால், மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுகிறார்கள் என்று ஊகிக்கலாம். பல மாதம் பழகிய லைன்மேன் இன்னும் நுட்பமாகவே சொல்வார்: இன்று ஏதோ விசேஷம், இன்று கடையடைப்பு, இன்று கிரிக்கெட். ஆனால் மூன்றாவது தெருவில், பச்சைக் கதவு வீட்டில், கணவனும் மனைவியும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று மீட்டரைப் பார்த்து அவரால் சொல்ல முடியுமா? சொல்வதாக வைத்துக்கொள்வோம். அதை நம்பி ஒருவரைச் சிறையில் போடுவோமா?

போட்டோம். அதுவும் இதைவிடப் பல மடங்கு எளிய கருவியை வைத்துக்கொண்டு.

பெங்களூரு நிம்ஹான்ஸில் பணியாற்றிய சம்பாடி ராமன் முகுந்தன் என்ற உளவியலாளர் உருவாக்கியது ‘பியாஸ்’ என்ற ‘பிரெயின் மேப்பிங்’ சோதனை. மின்முனைகள் பதித்த தொப்பியை மாட்டி, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி உட்காரவைப்பார்கள். ஒலிப்பதிவிலிருந்து ஒவ்வொரு வாக்கியமாக வரும். எல்லாமே தன்மையில் எழுதியவை: நான் இந்த இடத்துக்குப் போனேன், நான் விஷம் வாங்கினேன் என்பதுபோல. கேட்பவர் வாயே திறக்க வேண்டாம். ஒருவர் ஒன்றைச் செய்து அறிந்திருக்கிறாரா, வெறுமனே கேள்விப்பட்டிருக்கிறாரா என்று மூளையின் மின்னலைகளை வைத்துப் பிரித்துச் சொல்லிவிடுமாம் மென்பொருள். 2008 ஜூனில் புனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் இளம்பெண் ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது, தன் முடிவுக்கான ஆதாரங்களில் ஒன்றாக இந்தச் சோதனை முடிவையும் எடுத்துக்கொண்டது. சோதனை அறைக்கு வருமுன் காவலர்கள் அந்தக் கொலைக் கதையை அவரிடம் எத்தனை முறை சொல்லிச் சொல்லிக் கேட்டிருப்பார்கள்? பத்து முறை கேட்ட கதையைப் பதினோராவது முறை கேட்கிற மூளை என்ன செய்யும் என்று அந்த மென்பொருளுக்குத் தெரியுமா? மும்பை உயர் நீதிமன்றம் பின்னர் அவருக்குப் பிணை வழங்கியது. அதே 2008ஆம் ஆண்டில் நிம்ஹான்ஸ் இயக்குநர் டி. நாகராஜா தலைமையிலான நிபுணர் குழு, இந்தச் சோதனை அறிவியல்பூர்வமானது அல்ல, இதைக் கைவிட வேண்டும் என்றது. சோதனை பிறந்த ஊரின் நிபுணர்களே அப்படிச் சொன்ன பிறகு வேறு என்ன வேண்டும்?

2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. நார்கோ, பாலிகிராஃப், மூளை மின்னலைச் சோதனை ஆகிய எதையும் ஒருவரது ஒப்புதலின்றி நடத்துவது அரசமைப்பின் 20(3), 21 ஆகிய பிரிவுகளுக்கு எதிரானது என்றது. போற்றத்தக்க தீர்ப்பு. ஆனால் ஒரு கதவைத் திறந்து வைத்தது: ஒப்புதல் தந்தால் நடத்தலாம். சோதனை முடிவு சாட்சியம் ஆகாது, அதைப் பின்தொடர்ந்து கிடைக்கும் பொருள் ஆகலாம். அந்தக் கதவு வழியாகத்தான் எல்லாம் நடக்கிறது. 2020இல் ஹாத்ரஸ் வழக்கில் உத்தரப் பிரதேச அரசு, இறந்துபோன தலித் பெண்ணின் குடும்பத்தாருக்கே நார்கோ, பாலிகிராஃப் சோதனை என்று அறிவித்ததை மறக்க முடியுமா? பின்னர் சி.பி.ஐ. அந்த வழக்கில் கைதான நால்வரையும் காந்திநகர் தடய அறிவியல் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனது, ‘பியாஸ்’ சோதனைக்காக. பிகார் வழக்கு ஒன்றில், குற்றம்சாட்டப்பட்ட எல்லோருக்கும் நார்கோ நடத்தப்போவதாகக் காவல் துறை சொன்னதைப் பாட்னா உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதனால் 2010 தீர்ப்பை 2025 ஜூனில் மறுபடியும் எடுத்துச் சொல்ல வேண்டிய நிலை உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது.

ஒப்புதலாம், ஒப்புதல்! நண்பரின் கட்சிக்காரருக்கு மறுக்கும் உரிமை உண்டு என்று சொன்னேன். அவர் மறுத்துவிட்டார். ‘மடியில கனம் இல்லேன்னா எதுக்குப் பயப்படுறே?’ என்று இப்போது தினமும் கேட்கிறார்களாம். ‘அடித்து விசாரிப்பதைவிட இது மேல்’ என்று வாதிடும் ஓய்வுபெற்ற அதிகாரிகளிடம் விவாதிக்க எனக்கு ஒன்றுமில்லை. அடிப்பது குற்றம். ஒரு குற்றத்தைவிட மேலானது என்பது ஒரு தகுதியே அல்ல.

அமெரிக்காவில் ஒரு வழக்கு. அரசு மருத்துவக் காப்பீட்டில் மோசடி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட உளவியலாளர் ஒருவர், தான் பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்க எஃப்.எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டார். முதல் ஸ்கேன் ‘பொய் இல்லை’ என்றது. இன்னொரு தொகுதிக் கேள்விகளுக்கு எடுத்த ஸ்கேன் ‘பொய்’ என்றது. அவர் களைத்திருந்தார் என்று சொல்லி, ஸ்கேன் எடுத்த தனியார் நிறுவனம் மூன்றாவது முறை எடுத்தது, ‘பொய் இல்லை’ என்று வந்தது. 2010இல் டென்னசி கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. 2012இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. ஆய்வாளர் ஜார்ஜியோ கானிஸின் குழு 2011இல் காட்டியது இன்னும் எளிது. ஸ்கேனுக்குள் படுத்திருப்பவர் வெளியே தெரியாமல் விரலை லேசாக அசைத்தாலே போதும். பொய்யைக் கண்டுபிடிக்கும் துல்லியம் நூறு சதவீதத்திலிருந்து 33 சதவீதத்துக்குச் சரிந்தது. கைதேர்ந்த குற்றவாளி விரலை அசைக்கக் கற்றுக்கொள்வான். மாட்டிக்கொள்வது, ‘நெனப்பு ஓடிட்டா என்ன பண்றது’ என்று நடுங்கும் கட்டடத் தொழிலாளிதான்.

நோயால் பேச்சிழந்தவர்களின் மூளையில் அறுவைச் சிகிச்சை மூலம் மின்முனை பதித்து, அவர்கள் சொல்ல முயல்வதைத் திரையில் கொண்டுவரும் ஸ்டான்ஃபோர்டு பணியை நான் வணங்குகிறேன். அது நோயாளி தானே பேச விரும்பிப் பேசுவது. காவல் துறை கேட்பது அதற்கு நேர் எதிரானது.

தமிழ்நாடு அரசு இதற்காக எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மூளைச் சோதனை எதற்கும், ஒப்புதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், யாரையும் அனுப்பக் கூடாது என்று எல்லாக் காவல் நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை போதும். காந்திநகரில் இருக்கும் அந்தத் தொப்பிகளை மத்திய அரசு மூட்டைகட்டி எடுத்துவைக்கட்டும். ‘மனதைப் படிக்கும் கருவி’ என்று தலைப்பு எழுதும் உதவி ஆசிரியர்களும், எத்தனை பேர், எத்தனை மணி நேரம், பழகாத மூளையில் வேலை செய்ததா என்ற மூன்று விவரங்களை முதல் பத்தியிலேயே எழுதட்டும். எழுத முடியாவிட்டால் அந்தச் செய்தியைப் போடாமல் விடட்டும்.